செத்த காலேஜ்: வடசென்னை மக்களும் எழும்பூர்க் கலைக்கூடமும்

பழைய சென்னையின் உழைக்கும் மக்கள் பேச்சில் இரண்டு கல்லூரிகள் இருந்தன. ஒன்று உயிர் காலேஜ். மற்றொன்று செத்த காலேஜ். இவ்விரண்டிலும் பாடம் சொல்லும் ஆசிரியரும் இல்லை. பட்டம் வழங்கும் விழாவும் இல்லை. சென்டிரல் நிலையத்தை அடுத்த பூங்காவில் இருந்த விலங்குக் காட்சிச்சாலையே உயிர் காலேஜ். எழும்பூர்ப் பாந்தியன் சாலையில் அமைந்த அரசு அருங்காட்சியகமே செத்த காலேஜ். புலியும் கரடியும் உயிரோடு உலவியது அங்கே. பஞ்சடைத்த பறவையும் எலும்புக்கூடும் நின்றது இங்கே. பள்ளிப் படிப்பு எட்டாத மக்கள் தாமே சூட்டிய பெயர்கள் இவை. இராயபுரத்திலும் தண்டையார்ப்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் வாழ்ந்த பாட்டிமார் இப்பெயர்களையே பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார்கள்.

படித்தவர்கள் இப்பெயரைக் கேட்டு நகைத்ததுண்டு. ஆயினும் அருங்காட்சியகத்தின் வரலாற்றைக் கூர்ந்து நோக்குவோருக்கு இப்பெயருள் ஒரு பகுதி உண்மை அடங்கியிருப்பது புலப்படும். கலைப்பொருள் ஒன்று தான் பிறந்த இடத்தைவிட்டுக் கூடத்தில் வந்து நிற்கும்போது அது எதை இழக்கிறது, எதைப் பெறுகிறது, அதைக் காணும் உரிமை யாருக்கு என்னும் வினாக்களை வடசென்னை மக்களின் கண்கொண்டு ஆராய்தல் பயனுடையது.

பெயர் பிறந்த கதை

அருங்காட்சியகத்திற்குக் கல்லூரி என்னும் பெயர் வந்தது தற்செயல் அன்று. 1812இல் எல்லிஸ் துரையின் முயற்சியால் சென்னைக் கல்விச் சங்கம் தோன்றியது. ஆங்கில ஆட்சியாளர்க்குத் தென்னாட்டு மொழிகளைக் கற்பிப்பது அதன் நோக்கம். ஆயினும் அதன் பயன் அவ்வளவில் நிற்கவில்லை. தாண்டவராய முதலியார் போன்ற புலவர்கள் அங்குப் பணியாற்றினர். வீரமாமுனிவரின் சதுரகராதி 1824இல் அச்சேறியதும், தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திரக் கதை 1826இல் வெளிவந்ததும் அச்சங்கத்தின் காலத்தில்தான். தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பத்தைச் சார்ந்தவை என்னும் கருத்தை எல்லிஸ் 1816இல் வெளியிட்டதும் அச்சூழலில்தான்.

1846இல் சென்னை இலக்கியச் சங்கம் இந்நகருக்கு ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்னும் கருத்தை முன்வைத்தது. கல்லும் உலோகமும் சேர்த்து வைக்கும் கூடத்தை முதலில் கேட்டது ஓர் இலக்கிய அமைப்பு என்பது இலக்கிய வட்டத்தார் நினைவிற் கொள்ளத்தக்கது. 1851இல் அருங்காட்சியகம் தொடங்கப்பெற்றபோது, கல்விச் சங்கம் இருந்த கட்டடத்தின் மாடியே அதற்கு இடமாயிற்று. ஏறத்தாழ 1,100 நிலவியல் மாதிரிகளோடு எட்வர்டு பால்பர் என்னும் மருத்துவர் அதன் முதல் பொறுப்பாளராக அமர்ந்தார். 1854இல் அது எழும்பூரின் பாந்தியன் கட்டடத்திற்கு மாறியது. கல்லூரியில் பிறந்தமையால் மக்கள் வாயில் அது ‘காலேஜ்’ ஆகவே நிலைத்தது எனக் கருத இடமுண்டு.

உயிர் காலேஜும் இதே வளாகத்தில் பிறந்ததே. கல்லையும் கனிமத்தையும் காண வாராத கூட்டம் உயிருள்ள புலிக்குட்டியைக் காண வரும் என்பதைப் பால்பர் கண்டறிந்தார். 1855இல் அருங்காட்சியக வளாகத்திலேயே ஒரு விலங்குக்கூடம் அமைந்தது. 1863இல் அது பூங்காவிற்குப் பெயர்ந்தது. 1985இல் வண்டலூருக்குச் சென்றது. ஒரு வயிற்றில் பிறந்த இரு பிள்ளைகளுக்கு உயிர், செத்த என அடைமொழி கொடுத்து வேறுபடுத்திய மக்களின் சொல்லாட்சி, புலவர் தம் சொல்லாட்சிக்குக் குறைந்ததன்று.

காணும் பொங்கல்

காணும் பொங்கல் என்னும் சொற்றொடரில் உள்ள ‘காணுதல்’ உற்றாரைக் காண்பதையும் ஊரைக் காண்பதையும் ஒருசேரக் குறிக்கும். ஆலையும் துறைமுகமும் பணிமனையும் ஓய்ந்திருக்கும் அந்நாளில் வடசென்னைக் குடும்பங்கள் கட்டுச்சோற்றுடன் புறப்பட்டுக் கடற்கரையையும் இரு காலேஜ்களையும் கண்டு திரும்புவது நெடுநாள் வழக்கம். கடற்கரை முதல் தாம்பரம் வரை மின்சார இரயில் 1931இல் ஓடத் தொடங்கிய பின்னர் இராயபுரத்தாருக்கு வழி எளிதாயிற்று. கடற்கரை நிலையம் வரை நடந்து, அங்கு வண்டி ஏறி, எழும்பூரில் இறங்கினால் பாந்தியன் சாலை நடைதூரமே.

அக்கூட்டத்தார் கூடங்களில் எதைக் கண்டனர்? திமிங்கலத்தின் எலும்புக்கூட்டின் முன் நின்ற பரதவர், அறியாத விலங்கைக் கண்டு மருண்டவர் அல்லர். கடலில் முதுகு மட்டும் காட்டி மறையும் பேருயிரின் முழு உடலையும் முதன்முறையாக அளந்து பார்த்தவர்கள் அவர்கள். அமராவதிக் கற்சிற்பங்களின் முன் நின்ற கல்தச்சருக்கு உளியின் போக்கு தெரிந்திருக்கும். செப்புத் திருமேனிகளின் முன் நின்ற வார்ப்படத் தொழிலாளிக்கோ, பேராசிரியர்களுக்கும் எளிதிற் புலப்படாத நுட்பம் ஒன்று புலப்பட்டிருக்கும்.

செப்புத் திருமேனி வார்க்கும் முறையை இங்குச் சுருங்கக் கூறுதல் பொருந்தும். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவத்தை முதலில் மெழுகில் அமைப்பர். அதன்மேல் நுண்ணிய வண்டல் மண்ணைப் பூசி உலர்த்துவர். பின் கெட்டியான மண்ணைப் பல பூச்சாகப் பூசிக் கம்பியால் கட்டுவர். சூடேற்றும்போது மெழுகு உருகி வழியும். அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவர். ஆறிய பின் மண்ணை உடைத்தால்தான் உருவம் வெளிப்படும். அச்சு ஒருமுறையே பயன்படும். ஆகவே அவ்வகையில் வார்த்த ஒவ்வொரு திருமேனியும் தனிப்பிறவி.

எண்ணூர்ப் பகுதியில் ஊர்திப் பொறிகளுக்கு இரும்பு வார்க்கும் தொழிலாளிக்கு இது புதுமையன்று. அவர் அச்சு மணலால் ஆனது, உலோகம் இரும்பு. ஆயினும் உருகிய உலோகம் எங்கே தயங்கும், எங்கே குமிழியிடும், எந்த மெல்லிய உறுப்பை நிரப்பாமல் உறையும் என்னும் அச்சம் இருவருக்கும் ஒன்றே. ஆடவல்லானின் விரிந்த சடையும் தீச்சுடர் வளைந்த திருவாசியும் அத்தொழிலாளியின் பார்வையில் பக்திக்கு உரியவை மட்டுமல்ல. குறையின்றி இறங்கிய வார்ப்புகளும் ஆகும்.

மறைந்ததும் தெரிந்ததும்

இத்திருமேனிகள் எழும்பூருக்கு வந்த வழி பல. படையெடுப்புக் காலங்களில் பாதுகாப்புக் கருதிப் பூமியில் புதைக்கப்பட்டவை பிற்காலத்தில் உழவிலும் கிணறு வெட்டுகையிலும் வெளிப்பட்டன. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம், பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட புதையல் எதுவாயினும் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்கப்பட வேண்டும் என்று விதித்தது. அச்சட்டத்தின் வழியே பல திருமேனிகள் அரசுடைமையாகி அருங்காட்சியகத்தை அடைந்தன. நாகப்பட்டினத்தில் 1856 முதல் கிடைத்த புத்தத் திருமேனிகள், சோழர் துறைமுகத்தின் சமயப் பொறையையும் கடல் வணிகத்தையும் ஒருங்கே பேசுவன. 1932இல் கிரேவ்லியும் டி.என்.இராமச்சந்திரனும் இந்துத் திருமேனிகளின் விவரப் பட்டியலை வெளியிட்டனர். சி.சிவராமமூர்த்தி இவ்வருங்காட்சியகத்தில் பணியாற்றி, பின்னாளில் புதுதில்லித் தேசிய அருங்காட்சியகத்தின் இயக்குநராக உயர்ந்தார்.

கோயிலில் உலாத் திருமேனி பட்டாலும் பூவாலும் அணியாலும் மூடப்பட்டிருக்கும். அடியவர் காண்பது பெரும்பாலும் திருமுகமும் தூக்கிய திருவடியுமே. திருவொற்றியூரில் மறைப்பு இதனினும் மிகுதி. அங்குள்ள ஆதிபுரீசுவரர் ஆண்டு முழுவதும் கவசத்துள் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாள்கள் மட்டுமே கவசம் நீங்கும். புனுகும் தைலமும் சாத்தப்பெற்ற திருமேனியைக் காண வடசென்னையே திரண்டு நிற்கும். அரிதாகக் காண்பதே அங்குக் காட்சியின் சிறப்பு.

அருங்காட்சியகத்தில் நிலை வேறு. அங்குப் பட்டில்லை; பூவில்லை; விளக்கில்லை. வழிபாட்டை இழந்த திருமேனி நிற்கிறது. இந்த இழப்பையே மக்கள் ‘செத்த’ என்னும் சொல்லால் அறியாமலே குறித்தனர் போலும். ஆனால் பட்டு நீங்கியபோது அதுவரை மறைந்திருந்த ஒன்று வெளிப்பட்டது. இடையின் வளைவு, முதுகின் தசை, விரல்நுனியின் முத்திரை, பின்புறம் தோளில் படிந்த சடை ஆகியன அனைத்தும் கண்ணுக்குத் தெரிந்தன. கோயிலில் அடியவர் இறைவனைக் கண்டனர். கூடத்தில் வந்து நின்றவர் தச்சனின் கைத்திறனைக் கண்டனர். இவ்விரு காட்சிகளுள் ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துதல் முறையன்று. கோயிலுக்கும் கூடத்திற்கும் ஒரே மக்களே சென்றனர் என்பது மறக்கற்பாலதன்று. கூடத்திலும் கைகூப்பியவர் உண்டு.

செந்நிறக் கட்டடம்

அருங்காட்சியக வளாகத்தில் தனித்து விளங்குவது இளஞ்சிவப்பு மணற்கல்லாலான ஒரு கட்டடம். விக்டோரியா அரசியின் நினைவாக எழுப்பப்பட்ட இம்மண்டபத்திற்கு 1906இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார்; 1909இல் இது திறக்கப்பெற்றது. வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். பதேபூர் சிக்ரியின் உயர்வாயிலை நினைவூட்டும் முகப்பும் சிறு கும்மட்டங்களும் கொண்ட இதற்குரிய கல், வடசென்னைக்கும் அப்பால் வடக்கே உள்ள சத்தியவேட்டிலிருந்து வந்தது. நாட்டுக் கைவினைப் பொருள்களைக் காட்சிக்கு வைக்கும் கூடமாகவே இது முதலில் பயன்பட்டது.

விடுதலைக்குப் பின், அருங்காட்சியகத்தின் நூற்றாண்டு விழா நிகழ்ந்த 1951இல், இம்மண்டபம் தேசியக் கலைக்கூடமாக மாறியது. பண்டித ஜவகர்லால் நேரு அதனைத் திறந்துவைத்தார். மானிடவியல் அறிஞர் ஏ.அய்யப்பன் அப்போது அருங்காட்சியகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். அரசியின் பெயர் தாங்கிய மண்டபத்தில் நாட்டின் கலை குடியேறிற்று. சோழர் காலச் செப்புத் திருமேனிகள், தஞ்சை ஓவியங்கள், மொகலாய, இராசபுத்திரச் சிற்றோவியங்கள், இரவிவர்மாவின் எண்ணெய் வண்ண ஓவியங்கள் எனப் பல பகுதிகளின் கலை ஒரே கூரையின்கீழ் வந்தது.

‘தேசியம்’ என்னும் சொல் இங்கு எதைக் குறித்தது? 1951க்கு முன் திருவாலங்காட்டுக்காரர்க்கு ஆடவல்லான் தம் ஊர் இறைவன். தஞ்சைக்காரர்க்குக் கண்ணாடிக் கல் பதித்த ஓவியம் தம் ஊர்க் கைவினை. கலைக்கூடத்துள் நுழைந்த பின் அவை எல்லோர்க்கும் உரியவையாயின. எண்ணூர் உப்பங்கழியோரத்து மீனவச் சிறுமிக்கும் இராசபுத்திர ஓவியத்தின் மழைமேகம் உரியதாயிற்று. இவ்வுரிமையை வழங்குவதே தேசியக் கலைக்கூடம் என்னும் பெயரின் பொருள். அவ்வுரிமை நிலைக்க வேண்டுமாயின் கதவு திறந்திருத்தல் வேண்டும்.

வாராத விருந்தினர்

அருங்காட்சியகச் செல்வங்களுள் உலகப் புகழ் பெற்றது திருவாலங்காட்டு நடராசர் திருமேனி. காரைக்காலம்மையார் தலையால் நடந்துசென்று இறைவனின் ஆடலைக் கண்ட தலம் அது. 1856இல் இராயபுரம் நிலையத்திலிருந்து வாலாசா சாலை வரை ஓடிய தென்னாட்டின் முதல் இரயில் பாதை திருவாலங்காட்டுப் பக்கமாகவே செல்வது. ஆகவே இராயபுரத்திற்கும் அவ்வூருக்கும் உறவு பழையது.

பிரெஞ்சு நாட்டுச் சிற்பி ரோடன் இத்திருமேனியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் 1917இல் மறைந்தார். கட்டுரை 1921இல் வெளிவந்தது. கோலுபியூ என்பார் கொண்டுசென்ற ஒளிப்படங்களைக் கண்டே அவர் அதனை எழுதினார். சென்னைக்கு அவர் வந்ததில்லை. 1918இல் ஆனந்த குமாரசாமி சிவனின் ஆடலைக் குறித்து எழுதிய நூல், ஆடவல்லானின் தத்துவப் பொருளை மேலை நாட்டார்க்கு உணர்த்தியது. இவ்விருவர் எழுத்தும் இத்திருமேனியின் புகழை உலகெங்கும் பரப்பின என்பதில் ஐயமில்லை.

எனினும், ஒளிப்படம் ஒரு பக்கத்தையே காட்டும். திருமேனியைச் சுற்றிவந்து, ஒரு பக்கம் அமைதியும் மறுபக்கம் விரைவும் தோன்றக் கண்டவர்கள் காணும் பொங்கலன்று கட்டுச்சோற்றுடன் வந்தவர்களே. அவர்கள் கட்டுரை எழுதவில்லை. ஆதலால் அவர்கள் கண்டது வரலாற்றில் இடம்பெறவில்லை. நடராசர் திருமேனியைக் குறித்த நூல்களின் நிரை நீண்டது. அதன் முன் நின்ற இராயபுரத்துக் கூலியாளின் வியப்பைக் குறித்த பதிவு ஒன்றும் அந்நிரையில் இல்லை. இக்குறையைக் களைய வேண்டியவர்கள் இலக்கியவாணர்களே.

காணும் உரிமை எங்கே திருட்டாகிறது என்பதற்கும் அண்மைக்கால வரலாற்றில் சான்றுண்டு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து 2006இல் களவுபோன நடராசர் திருமேனி, 2008இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தால் 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு மேற்பட்ட விலைக்கு வாங்கப்பட்டது. கான்பெரா நகரில் சில ஆண்டுகள் பார்வைக்கு நின்ற அத்திருமேனி, களவு உறுதிப்பட்ட பின் 2014 செப்டம்பரில் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. கலைக்கூடத்தின் ஒளியும் கண்ணாடியும் எவ்வளவு சிறந்தனவாயினும், வந்த வழி நேர்மையற்றதாயின் அங்கே நிற்பது கலையன்று, களவுப்பொருளே என்பதை அந்நிகழ்ச்சி உலகிற்கு உணர்த்தியது.

வீரசோழத் தச்சன்

எழும்பூரில் உள்ள திருமேனிகளுள் பெரும்பாலானவற்றில் இல்லாத ஒரு செய்தி திருவொற்றியூரில் உண்டு. அது செய்தவனின் பெயர்.

திருவொற்றியூர் மூவராலும் பாடப்பெற்ற தலம். சுந்தரர் சங்கிலியாரை மணந்து மகிழ மரத்தடியில் சூளுரைத்த தலம். பட்டினத்தார் அடங்கிய கடற்கரையை உடையது. ஏழுகிணற்றுப் பகுதியில் வாழ்ந்த இராமலிங்க அடிகள் நாளும் நடந்துவந்து வழிபட்டுப் பாடிய ஊர். இங்குள்ள இறைவனுக்கு எழுத்தறியும் பெருமான் என்றும் ஒரு பெயருண்டு. இலக்கணம் கற்பித்த வியாகரணதான மண்டபம் இக்கோயிலில் இருந்ததைக் கல்வெட்டுகள் கூறும். எழுத்தறியும் பெருமானின் ஊரில் எழுத்து செழித்தது இயல்பே.

இவ்வூர் மடத்தின் தலைவர்கள் சதுரானன பண்டிதர் என்னும் பட்டம் பூண்டவர்கள். அவர்களுள் முதல்வரின் கதை நெஞ்சை உருக்குவது. கேரளத்தில் பிறந்த வல்லபன் என்னும் வீரன், சோழ இளவரசன் இராசாதித்தனிடம் பணியாற்றினான். 949இல் தக்கோலப் போரில் இளவரசன் வீழ்ந்தபோது அவனுடன் தானும் மடியும் பேறு தனக்கு வாய்க்கவில்லையே என்று வருந்தித் துறவு பூண்டான். ஒற்றியூரில் வந்து தங்கிச் சதுரானன பண்டிதர் ஆனான். வென்ற இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனின் ஆட்சியாண்டு பொறித்த கல்வெட்டே தோற்றவர் பக்கத்து வீரனின் இத்துயரைச் சொல்லுவது வரலாற்றின் வியப்புகளுள் ஒன்று.

அவ்வழிவந்த மற்றொரு சதுரானன பண்டிதரின் வேண்டுகோளின்படி, 1012 முதல் 1044 வரை ஆண்ட முதலாம் இராசேந்திரன் காலத்தில் ஆதிபுரீசுவரர் கோயில் விமானம் கருங்கல்லால் கட்டப்பெற்றது. யானையின் பின்புறம் போன்று வளைந்த இவ்வமைப்பைத் தூங்கானை மாடம் என்பர். சதுரக் கருவறையை எழுப்புவதினும் வளைந்த சுவரை எழுப்புதல் அரிது. ஒவ்வொரு கல்லும் வளைவின் கணக்குக்கு ஏற்பத் தனித்தனியே கொத்தப்பட வேண்டும். அதனைச் செய்து முடித்தவன் இரவி என்னும் பெயருடைய வீரசோழத் தச்சன் என்று கல்வெட்டு கூறும். கட்டுவித்த மன்னனின் பெயரும், வேண்டிக்கொண்ட துறவியின் பெயரும், கட்டிய தச்சனின் பெயரும் ஒன்றாக நிற்கும் இடம் இது.

எழும்பூர்க் கலைக்கூடத்தில் இரவிவர்மாவின் ஓவியங்கள் இடம்பெற்றன. அவர் ஓவியங்களின் அச்சுப்படிகள் வடசென்னையின் வீட்டுச் சுவர்களிலும் தேநீர்க் கடைகளிலும் தொங்கியவை. ஆகவே அந்த இரவியின் பெயர் பரவலாக அறியப்பட்டது. ஒற்றியூர் இரவியின் பெயரோ, அவன் எழுப்பிய விமானத்தை நாள்தோறும் வலம்வருவோருள்ளும் பலர் அறியாதது. தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அப்பெயர் கல்வெட்டில் நிலைத்துள்ளது. அதைப் படித்துக் காட்டுவோர் இன்மையே குறை.

உழைப்பின் உருவம்

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் கலைப் பள்ளியைத் தொடங்கியது, வடசென்னையின் வாயிலான பிராட்வேயில். பின்னரே அது பூவிருந்தவல்லி நெடுஞ்சாலைக்குச் சென்றது. 1929 முதல் 1957 வரை அதன் முதல்வராக விளங்கிய தேவிபிரசாத் ராய் சௌத்ரி, 1954இல் லலித கலா அகாதெமியின் முதல் தலைவராகவும் ஆனார். அவர் வடித்த உழைப்பின் வெற்றி என்னும் சிற்பம் 1959இல் மெரினா கடற்கரையில் நிறுவப்பெற்றது. நான்கு தொழிலாளர் பெரும் பாறையொன்றைப் பெயர்க்க முயல்வதை அது காட்டும். அதன் மற்றொரு படி புதுதில்லியில் உள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்தில் நிற்கிறது.

1918இல் சென்னைத் தொழிற்சங்கம் தோன்றியதும், 1923இல் சிங்காரவேலர் மே நாளைக் கொண்டாடியதும் சென்னைத் தொழிலாளர் வரலாற்றின் மைல்கற்கள். 1955இல் திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார் மிதிவண்டித் தொழிற்சாலை எழுந்தது. எண்ணூரில் கனரக ஊர்தித் தொழிற்சாலை வளர்ந்தது. 1970இல் அனல்மின் நிலையம் வந்தது. சுமையும் சூடும் நிறைந்த அவ்வாழ்வை அறிந்தவர் கடற்கரைச் சிற்பத்தின் முன் நிற்கும்போது அதில் தம்மையே காண்பர். கடவுளரும் மன்னரும் இருந்த இடத்தில் பெயரற்ற உழைப்பாளி கலைக்குப் பொருளானான். தில்லியின் தேசியக் கலைக்கூடத்தின் முன் நிற்கும் அந்நால்வர், உழைப்பாளர் அனைவர்க்கும் உரிமை பேசுகின்றனர்.

ஒற்றியூர் விமானத்தில் தச்சன் பெயர் உண்டு, உருவம் இல்லை. கடற்கரைச் சிற்பத்தில் உழைப்பாளி உருவம் உண்டு, பெயர் இல்லை. எழும்பூர்த் திருமேனிகளில் இவ்விரண்டும் இல்லை; கைத்திறன் ஒன்றே உண்டு. இம்மூன்றையும் ஒருங்கு வைத்துக் காண்போர்க்கே தமிழகக் கலை வரலாறு முழுமையாக விளங்கும்.

பூட்டிய கதவு

2002இல், கட்டடத்தின் உறுதி குன்றியது எனக் கண்டு தேசியக் கலைக்கூடம் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. அங்கிருந்த கலைப்பொருள்கள் வேறிடங்களுக்கு மாற்றப்பட்டன. சீரமைப்புப் பணி நெடுங்காலம் தாழ்ந்தே தொடங்கியது. அருங்காட்சியகத்தின் பிற கூடங்கள் திறந்தேயிருந்தன. செப்புத் திருமேனிகளுக்கென 1963இல் அமைந்த கூடமும் மக்களை வரவேற்றது. எனினும் வளாகத்தின் அழகுமிக்க கட்டடம் பூட்டிய கதவோடு நின்ற அவ்வாண்டுகளில் ஒரு தலைமுறை பிறந்து பள்ளி முடித்துவிட்டது. அச்சிறுவர் சிறுமியர் செந்நிற முகப்பின்முன் நின்று ஒளிப்படம் எடுத்துக்கொண்டனர், உள்ளே நுழைந்ததில்லை.

அதே காலத்தில் செத்த காலேஜ் என்னும் பெயரும் வழக்கொழிந்து வந்தது. பெயர் மறைவது இழிவு நீங்கியதன் அடையாளம் எனச் சிலர் மகிழலாம். ஆனால் மக்கள் ஒரு பொருளுக்குத் தாமே பெயரிடுவது, அதைத் தமதாகக் கொண்டபோதுதான். பெயர் மறைந்ததற்கு அருங்காட்சியகம் உயிர்பெற்றது காரணமா, அல்லது மக்களின் வருகை குறைந்தது காரணமா என்பது எண்ணத்தக்கது. காணும் பொங்கற் கூட்டம் இன்று பெரும்பாலும் கடற்கரையை நோக்கியே செல்கிறது.

போக்குவரத்து இன்று தடையன்று. 2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ இரயில் நீண்டது. திருவொற்றியூரில் ஏறிச் சென்டிரலில் வண்டி மாறினால் எழும்பூரை அடையலாம். முன்னோர் நாள் முழுதும் நடந்து கண்டதை இக்காலத்தார் ஒரு பிற்பகலில் காண இயலும். குறைவது வழியன்று, வழிகாட்டுவோர்.

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டங்கள் இப்பணியை மேற்கொள்ளத் தக்கன. கவியரங்கமும் நூல் வெளியீடும் நடத்தும் அமைப்பு, ஆண்டில் ஒருநாள் உறுப்பினரையும் அவர்தம் பிள்ளைகளையும் முதலில் ஒற்றியூர் விமானத்தின் வளைந்த சுவரருகே அழைத்துச் சென்று, இரவி என்னும் பெயரைச் சொல்லிக் காட்டலாம். பின்னர் எழும்பூருக்குச் சென்று, பெயர் தெரியாத தச்சர்கள் வார்த்த திருமேனிகளைச் சுற்றிவந்து காணலாம். வார்ப்படச் சாலையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நன்று. உலோகம் எப்படி இறங்கிற்று என்பதை அவர் விளக்குவார். கவிஞர்கள் அதைக் கேட்டு எழுதட்டும். 1846இல் ஓர் இலக்கியச் சங்கம் கேட்டுப் பெற்ற கூடம் அது. அதனுள் மக்களைக் கூட்டிச் செல்லும் கடமையும் இலக்கிய அமைப்புகளுக்கே முதலில் உண்டு.